ஒரு சீன எழுத்து, மூன்று சொற்கள்: யுவே, லெ, யாவ்

சீனத்தில் அச்சடித்த கோக்க கோலா டின் எப்போதாவது கையில் கிடைத்தால், அதில் இருக்கும் பெயரை உற்றுப் பாருங்கள். நான்கே நான்கு எழுத்துகள். 'கெ-கோ-கெ-லெ' என்று படிப்பார்கள். முதல் இரண்டுக்கும் 'வாய்க்கு ருசியானது' என்று பொருள். அடுத்த இரண்டுக்கும் 'மகிழத் தக்கது' என்று பொருள். அந்தக் கடைசி எழுத்தைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

டின்னில் அது 'லெ', அதாவது மகிழ்ச்சி. 'பிறந்தநாள் வாழ்த்து' சொல்லும்போது வரும் 'குவாய்லெ'யிலும் இதே எழுத்துதான், இதே ஒலிதான். ஆனால் அதே எழுத்தை ஓர் இசைக் கல்லூரியின் பெயர்ப்பலகையில் பார்த்தால் 'லெ' என்று படிக்கக் கூடாது. அங்கே அது 'யுவே'. இசைக்குச் சீனத்தில் 'யின்யுவே' என்று பெயர். சீனம் படிக்கத் தொடங்கியவர்கள் ஒருமுறையாவது இதை 'யின்லெ' என்று வாசித்துவிடுவார்கள். நானும் வாசித்திருக்கிறேன். எழுத்து தெரியும், பொருள் தெரியும், ஆனாலும் ஒலி தப்பாகிவிடும். இது போதாதென்று கன்பூசியஸ் காலத்து வாக்கியங்களில் மூன்றாவதாக 'யாவ்' என்று ஓர் ஒலியும் இதற்கு உண்டு.

மூன்றையுமே குரலை மேலிருந்து சட்டென்று கீழே இறக்கிச் சொல்ல வேண்டும். யாரையாவது 'போ!' என்று அதட்டும்போது குரல் விழுகிறதே, கிட்டத்தட்ட அப்படி. இன்னொன்று, 'லெ' என்று நான் எழுதினாலும் அது நம்முடைய எகரம் அல்ல. வாயை அதிகம் திறக்காமல், உதடுகளைக் குவிக்காமல், தொண்டைப் பக்கமிருந்து வரும் உயிரொலி அது. தமிழ் எழுத்தில் இதற்கு மேல் நெருங்க முடியாது.

ஓர் எழுத்துக்கு இத்தனை ஒலியா என்று மலைக்க வேண்டாம், நம்மிடமும் இது உண்டு. 'பாவம் தீரக் காசிக்குப் போனார்' என்கிறோம். 'அவர் பாட்டில் பாவம் ததும்புகிறது' என்றும் சொல்கிறோம். எழுதுவது ஒரே மாதிரி. ஆனால் முதலாவதில் வருவது 'பழம்' என்பதில் உள்ள ப, இரண்டாவதில் வருவது 'பரதம்' என்பதில் உள்ள ப. யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் பக்கத்துச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இங்கே இருப்பது இரண்டு பொருள் கொண்ட ஒரு சொல் அல்ல, எழுத்தில் ஒரே உருவத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு தனித்தனிச் சொற்கள். 'இசை'யின் கதை வேறு. பாட்டு, புகழ், உடன்படுதல் என்று அதற்குப் பல பொருள் இருந்தாலும் ஒலி ஒன்றுதான். நம் சீன எழுத்து 'பாவம்' கட்சி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

சரி, எழுத்தின் உருவத்தைப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மேலே நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்னப் பெட்டி, அதன் உள்ளே குறுக்காக ஒரு கோடு, தலையில் சாய்வாக ஒரு சிறு கீற்று. பெட்டியின் இரண்டு பக்கமும் முறுக்கிய நூல்கண்டு போல ஒவ்வோர் உருவம். இவை மூன்றையும் கீழே ஒரு மரம் தாங்குகிறது. மரம் என்றால் ஒரு குறுக்குக் கோடு, அதை வெட்டி இறங்கும் ஒரு நெடுங்கோடு, அடியில் இரண்டு பக்கமும் சரியும் கிளைகள். பெட்டிக்கு ஐந்து கோடு, நூல்கண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று, மரத்துக்கு நான்கு. கூட்டினால் 15.

இது பழைய முழு வடிவம். தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் இப்படித்தான் எழுதுகிறார்கள். சீனாவில் 1956-இல் தொடங்கிய எழுத்துச் சுருக்கத்துக்குப் பின் ஐந்தே கோடுகள். வேகமாகக் கையால் எழுதும்போது வரும் வடிவத்தையே அச்சுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானியர்கள் நடுவழியில் நின்றார்கள். நூல்கண்டுகளைப் புள்ளிகளாக்கி 13 கோடுகளில் முடித்தார்கள். எழுதுவதற்கு ஐந்து கோடுதான் வசதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத்தின் கதை தெரிய வேண்டும் என்றால் 15 கோட்டு வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கதை இதுதான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஷாங் அரசர்கள் குறி கேட்க, மாட்டு எலும்பிலும் ஆமை ஓட்டிலும் எழுத்துகளைக் கீறினார்கள். அங்கே இந்த எழுத்தில் நடுப்பெட்டி இல்லை. ஒரு மரம், அதன் மேல் இரண்டு பட்டு நூல்கள், அவ்வளவுதான். பெட்டி பிற்பாடு ஜோ அரசர் காலத்து வெண்கலப் பாத்திரங்களில் வந்து சேர்ந்தது. கி.பி. 100 வாக்கில் சீனத்தின் முதல் பெரிய எழுத்தகராதியைத் தொகுத்து முடித்த ஷூ ஷென், இந்த எழுத்துக்கு 'ஐந்து சுரங்கள், எட்டு நாதங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்' என்று பொருள் எழுதினார். மேலே இருப்பவை முரசுகள், கீழே இருக்கும் மரம் அவற்றைத் தாங்கும் சட்டம் என்பது அவருடைய விளக்கம்.

ஷூ ஷென் அந்த எலும்பு எழுத்துகளைப் பார்த்ததில்லை. அவை மண்ணுக்குள் கிடந்தன. அவை பழைய எழுத்து என்பதையே 1899-இல்தான் அறிஞர்கள் கண்டுகொண்டார்கள். அவற்றைப் படித்த லுவோ ஜென்யூ வேறு விளக்கம் சொன்னார். பலகைமேல் கட்டிய பட்டுத் தந்திகள்தான் இந்த எழுத்து, அதாவது இது ஒரு நரம்புக் கருவி, நடுவில் பிற்பாடு வந்த பெட்டி தந்தியை மீட்டும் கருவி என்றார். இரண்டில் எனக்கு லுவோவின் விளக்கம்தான் பொருந்திவருகிறது. முன்னோர் பிரித்த எட்டு நாதங்கள் உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரை, மண், தோல், மரம். இதில் 'பட்டு' என்றால் நரம்புக் கருவிகள். ஏழு நரம்பு கொண்ட 'சின்' யாழுக்குக் காலங்காலமாகப் பட்டுத் தந்திதான். மரத்தின் மேல் பட்டு என்று வரைந்தால் அந்தக் காலத்து ஆளுக்கு வேறென்ன தோன்றியிருக்கும்?

ஆக முதல் சொல் 'யுவே', இசை. இசை என்று சொன்னாலும் வெறும் பாட்டு மட்டுமல்ல. அரசவைச் சடங்கு, நடனம், மணி, முரசு எல்லாம் சேர்ந்தது. சடங்கும் இசையும் சேர்ந்தால்தான் நாடு ஒழுங்காக இருக்கும் என்று நம்பியவர்கள் கன்பூசியஸ் வழியினர். அந்த இசை எப்படிப்பட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வூஹானில் உள்ள ஹூபெய் மாநில அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கி.மு. 433 வாக்கில் புதைக்கப்பட்ட 'செங்' நாட்டுச் சிற்றரசர் யி என்பவரின் கல்லறையை 1978-இல் தோண்டினார்கள். உள்ளே 65 வெண்கல மணிகள் வரிசையாகத் தொங்கின. இந்த மணிகளுக்கு நாக்கு கிடையாது, வெளியிலிருந்து தட்டி வாசிக்க வேண்டும். வாய் வட்டமாக இல்லாமல் பாதாம் பருப்பு போல நீண்டு இருக்கும். அதனால் நடுவில் தட்டினால் ஒரு சுரம், சற்றே பக்கவாட்டில் தட்டினால் வேறொரு சுரம். ஒரே மணிக்குள் இரண்டு சுரம். நம் எழுத்தை நினைத்துப் பாருங்கள், எங்கே தட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதுவும் ஒலிக்கிறது.

'லுன்யூ' என்னும் கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பில் மூன்று ஒலிகளும் வந்துவிடுகின்றன. அவர் 'சி' நாட்டில் இருந்தபோது 'ஷாவ்' என்ற பழைய இசையைக் கேட்டார். மூன்று மாதம் இறைச்சியின் ருசியே தெரியவில்லையாம். 'இசை இவ்வளவு தூரம் போகும் என்று நான் எண்ணியதே இல்லை' என்றார். இங்கே 'யுவே'. நூலின் முதல் பத்தியிலேயே இன்னொரு வாக்கியம் இருக்கிறது. 'தொலைவிலிருந்து நண்பர்கள் வருவது, அதுவும் மகிழ்ச்சிதானே?' இங்கே 'லெ'. அப்புறம் ஆறாம் அத்தியாயத்தில் வருவது, எனக்கு மிகவும் பிடித்த பத்தி. 'அறிவுடையோர் நீரை விரும்புவர், அன்புடையோர் மலையை விரும்புவர். அறிவுடையோர் அசைவர், அன்புடையோர் அமைதியாயிருப்பர். அறிவுடையோர் மகிழ்வர், அன்புடையோர் நெடுநாள் வாழ்வர்.' முதல் வாக்கியத்தில் இரண்டு முறை வரும் 'விரும்புவர்' நம் எழுத்துதான், அதை 'யாவ்' என்று படிக்க வேண்டும். கடைசி வாக்கியத்தின் 'மகிழ்வர்' கூட அதே எழுத்துதான், ஆனால் அங்கே 'லெ'. ஒரே பத்திக்குள், இரண்டு மூச்சு இடைவெளியில், ஒலி மாறிவிடுகிறது.

'லெ' என்றால் மகிழ்ந்திருப்பது, 'யாவ்' என்றால் ஒன்றின்மேல் விருப்பம் கொள்வது. 'யாவ்' வந்தால் பின்னால் நீர், மலை என்று ஏதோ ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். குரலின் ஏற்ற இறக்கத்தை மாற்றிப் புதுச் சொல் ஆக்குவது பழஞ்சீனத்தில் வழக்கம்தான். 'நல்ல' என்பதற்கான 'ஹாவ்' என்ற சொல்லைக் குரல் தாழ்ந்து எழும்படி சொன்னால் 'நல்ல', விழும்படி சொன்னால் 'விரும்பு'. அங்கேயும் எழுத்து ஒன்றுதான்.

இந்த ஒலிகளையெல்லாம் அகரவரிசை இல்லாத மொழியில் எப்படி எழுதி வைத்தார்கள்? ஒன்று, அதே ஒலியுள்ள வேறோர் எழுத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். 'இங்கே லுவோ ஆற்றின் ஒலி' என்று உரைகாரர் எழுதினால் 'லெ' என்று படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் லுவோ என்ற ஆற்றுப் பெயரும் மகிழ்ச்சிக்கான சொல்லும் ஒரே மாதிரி ஒலித்தன.

இரண்டாவது முறை 'ஃபான்சியே'. நம் உயிர்மெய்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரண்டு எழுத்துகளைக் கொடுப்பார்கள். முதலாவதிலிருந்து தொடக்க மெய்யை எடு, இரண்டாவதிலிருந்து மீதியை எடு, இரண்டையும் ஒட்டு. 1008-இல் வந்த 'குவாங்யுன்' என்ற ஒலி அகராதி, மகிழ்ச்சி என்ற பொருளுக்கு 'லு', 'கெ' என்ற இரண்டு எழுத்துகளைக் கொடுக்கிறது. 'லு'விலிருந்து ல், 'கெ'யிலிருந்து எ. சேர்த்தால் 'லெ'. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய குறிப்பு இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பிலும் பிசகாமல் வேலை செய்கிறது.

ஆனால் இசை என்ற பொருளுக்கு அதே அகராதி தரும் முதல் எழுத்து 'வூ', அதாவது ஐந்து. 'வூ'விலிருந்து எப்படி 'யுவே' வரும்? வராது. ஏனென்றால் அன்று ஐந்துக்கான சொல் 'வூ' இல்லை. அது ஙகரத்தில் தொடங்கியது, 'ஙோ' போல. இன்றும் தென்சீனாவின் கான்டனீஸ் பேச்சில் ஐந்து என்றால் வெறும் 'ங்' தான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. சொல்லின் முதலில் ஙகரம் என்றால் பலர் திணறுவார்கள். நாமோ 'ஙப்போல் வளை' என்று சின்ன வயதிலேயே சொல்லிப் பழகியவர்கள். கான்டனீஸில் இசைக்கான எழுத்தின் ஒலி 'ஙொக்', மகிழ்ச்சிக்கு 'லொக்'. ஹாங்காங்கின் இளையவர்களில் பலர் ஙகரத்தை விட்டுவிட்டு வெறும் 'ஒக்' என்கிறார்கள் என்பது வேறு விஷயம். கடைசியில் இருக்கும் க்-ஐக் கவனியுங்கள், அதுதான் பழைய ஒலியின் வால். வடக்கே அந்த வால் எப்போதோ உதிர்ந்துவிட்டது. 1324-இல் எழுதப்பட்ட 'ஜோங்யுவான் யின்யுன்' என்ற ஒலிநூலிலேயே அது தனி வகையாக இல்லை. அதனால்தான் பெய்ஜிங் பேச்சை ஒட்டிய பொதுச்சீனமான மாண்டரினில் 'யுவே', 'லெ' என்று உயிரில் முடிகிறது.

சீனத்திலிருந்து எழுத்தைக் கடன் வாங்கிய நாடுகள் வாலோடு சேர்த்தே வாங்கின. ஜப்பானியர்களுக்கு க் என்ற மெய்யில் முடிக்க வராது, ஓர் உகரம் சேர்த்துக்கொண்டார்கள். ஙகரம் ககரமானது. ஆக இசை 'ஒங்ககு' ஆயிற்று, மகிழ்ச்சி 'ரகு' ஆயிற்று. கொரிய மொழியில் தொடக்க ஙகரம் விழுந்துவிட்டது, இசை 'உமக்'. வியட்நாமியரிடம் 'ஞாக்', 'லாக்'. மூன்று மொழிகளிலும் க் இருக்கிறது, பெய்ஜிங்கில் மட்டும் இல்லை. பழஞ்சீனத்தின் ஒலியை மீட்டெடுக்க முயலும் அறிஞர்கள் சீனாவுக்கு வெளியே இருக்கும் இந்தச் சாட்சிகளை விடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கம். 'யாவ்' என்ற விருப்பச் சொல்லுக்கும் அகராதி தரும் முதல் எழுத்து அதே ஐந்துதான், அதே ஙகரம். பொருளில் அது மகிழ்ச்சிக்குப் பக்கம், ஒலியிலோ இசைக்குப் பக்கம். மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவையா, அல்லது ஒரே எழுத்துக்குள் வந்து சேர்ந்தவையா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. ஆனால் 'இசை என்பது மகிழ்ச்சி' என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கன்பூசியஸ் வழிச் சிந்தனையாளர் ஷுன்சி எழுதினார். அந்த வரியில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. கண்ணுக்கு 'அது என்பது அது' என்று தெரியும். வாய்விட்டுப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

எழுத்தைப் பொருளாக மட்டும் பார்த்தால் எப்படி வழிதவறுவோம் என்பதற்கு ஓர் உதாரணம். நம் எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் 'மருந்து' என்ற எழுத்து வரும். 'மகிழ்ச்சி தரும் புல்தான் மருந்து' என்று அழகான விளக்கம் ஒன்று உலவுகிறது. அழகுதான், ஆனால் அப்படி உருவாகவில்லை. இது செடி சம்பந்தப்பட்ட சொல் என்று புல் காட்டுகிறது, கீழே இருப்பது எப்படி ஒலிக்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஒரு பொருளுறுப்பும் ஓர் ஒலியுறுப்பும் சேர்ந்தவை. சரளைக்கல், மின்னுதல் ஆகியவற்றுக்கான எழுத்துகளுக்குள்ளும் இதே உருவம் ஒலிக்காக உட்கார்ந்திருக்கிறது. சரளைக்கல்லில் யாரும் மகிழ்ச்சியைத் தேடுவதில்லை.

மகிழ்ச்சி என்ற பொருளில் இந்த எழுத்து பினாங்குத் தமிழர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், தெரியும் என்பது தெரியாமலேயே. ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் இருக்கும் கெக் லோக் சி கோயிலின் பெயரில் உள்ள 'லோக்' இதுதான். இது தென்சீனாவின் ஹொக்கியன் பேச்சு என்பதால் பழைய க் அப்படியே நிற்கிறது. 'கெக் லோக்' என்றால் மிகப் பெரிய இன்பம். அந்தச் சொல்லைக் கி.பி. 402-இல் சாங்கான் நகரில் அமிதாப சூத்திரம் என்ற பௌத்த நூலை மொழிபெயர்த்த குமாரஜீவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூலத்தில் அது அமிதாப புத்தரின் நாடான 'சுகாவதி', நம்முடைய 'சுகம்' இருக்கிறதே, அதே சுகம். அந்நாட்டு உயிர்களுக்குத் துன்பமே கிடையாது, இன்பம் மட்டும்தான், அதனால் இந்தப் பெயர் என்று சூத்திரமே காரணமும் சொல்கிறது. இதே சொல் ஜப்பானில் 'கொகுரகு'. வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கியதும் அங்கே பெரியவர்கள் 'கொகுரகு, கொகுரகு' என்பார்கள்.

ஊர்ப்பெயர்கள்தான் கொஞ்சம் படுத்தும். சிச்சுவானில் 71 மீட்டர் உயரப் புத்தர் அமர்ந்திருக்கும் ஊர் லெஷான். அதே எழுத்தில் தொடங்கும் ஜெஜியாங் மாநில ஊர் ஒன்று யுவேச்சிங். ஹெபெய் மாநிலத்தில் ஒன்று லாவ்திங், அது நான்காவதாக ஓர் ஒலி! குடும்பப் பெயரிலும் 'லெ' குடும்பம் வேறு, 'யுவே' குடும்பம் வேறு. சி நாட்டின் எழுபதுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பிடித்த தளபதி யுவே யி இரண்டாவது வகை. பெயர்களுக்கு விதி கிடையாது, ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மற்ற இடங்களில் பக்கத்து எழுத்து வழிகாட்டும். கருவி, சுரம், பாட்டு, சடங்கு அருகில் இருந்தால் 'யுவே'. துக்கம், நண்பர், விழா, வாழ்த்து இருந்தால் 'லெ'.

பக்கத்து எழுத்தும் அதுவாகவே இருந்தால் என்ன செய்வது? கன்பூசியஸ் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் அப்படி ஓர் இடம் உண்டு. சி நாட்டு அரசர் சுவான் இசைப் பிரியர் என்று கேள்விப்பட்டு மென்சியஸ் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டார். அரசருக்கு முகம் மாறிவிட்டது. 'முன்னோர்களின் இசை எனக்கு வராது, இன்று ஊரில் நடக்கும் இசைதான் எனக்குப் பிடிக்கும்' என்றார். அதிலென்ன, பழைய இசையும் இசைதான் புதிய இசையும் இசைதான் என்ற மென்சியஸ், அடுத்து ஒரு கேள்வி போட்டார். மொத்தம் ஒன்பது எழுத்து, அதில் ஐந்து நம் எழுத்து. 'தனியாக இசைத்து மகிழ்வது, பிறரோடு இசைத்து மகிழ்வது, எது மேலான மகிழ்ச்சி?'

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த நூலுக்கு உரை எழுதிய ஜூ ஷி, இரட்டையாக வரும் இடங்களில் 'பின்னது லுவோ ஒலி' என்று குறித்தார். கடைசியில் தனியாக வருவதற்கும் லுவோ ஒலிதான். ஆக, 'து யுவே லெ, யூ ரென் யுவே லெ, ஷு லெ?' இரட்டையைத் திருப்பி 'லெ யுவே' என்று, அதாவது 'இசையில் மகிழ்வது' என்று படிக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஜூ ஷியின் பக்கம்தான். முதலில் இசை, அதிலிருந்து மகிழ்ச்சி என்ற ஓட்டம் இயல்பாக இருக்கிறது.

'பிறரோடுதான்' என்றார் அரசர். மென்சியஸ் விடவில்லை. சிலரோடு இசைத்து மகிழ்வதா, பலரோடு இசைத்து மகிழ்வதா, எது மேலானது என்று மறுபடி கேட்டார். இதிலும் நம் எழுத்து ஐந்து முறை வருகிறது. 'ஷாவ்' என்றால் சிலர், 'ஜோங்' என்றால் பலர். ஜூ ஷியின் குறிப்பை வைத்துக்கொண்டு இதை நீங்களே நிரப்பி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: யூ ஷாவ் ..... ....., யூ ஜோங் ..... ....., ஷு .....?